நல்லெண்ணெயின் ஒளிவிலகல் எண்

ஒரே தன்மையுடைய ஊடகத்துக்குள் ஒளி நேர்கோட்டில் செல்கிறது. ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துக்குள் சாய்வாக நுழையும்போது, அவ்விரண்டும் சந்திக்கும் பரப்பில் அது தன் திசையை மாற்றிக்கொள்கிறது. ஒளிவிலகல் எனப்படும் இந்த நிகழ்வைக் கண்ணாடிப் பாளம், குண்டூசி, பாகைமானி ஆகியவற்றின் துணையோடு பள்ளியில் பயிலாத மாணவர் எவருமில்லை. எனினும் தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் பாடங்களுள் ஒன்றாகவே அது இருந்து வருகிறது. விருதுநகர் மாவட்டத்தின் எண்ணெய் வணிகத்தையும் சிவகாசியின் அச்சுத் தொழிலையும் சற்று உற்றுநோக்கினால், பாடநூலின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் இந்த நிகழ்வே அங்கு சரக்கின் தூய்மைக்கும் வேலையின் துல்லியத்துக்கும் அளவுகோலாக நிற்பது புலப்படும்.

விலகலுக்குக் காரணம் ஒளியின் வேகத்தில் ஏற்படும் மாற்றம். வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,99,792 கிலோமீட்டர் செல்கிறது. ஒளி என்பது மின்காந்த அலை ஆதலால், அது ஒரு பொருளுக்குள் புகும்போது அங்குள்ள எலெக்ட்ரான்களைத் தன் அதிர்வுக்கு ஏற்ப அசைக்கிறது. அசைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் தாமும் அலைகளை உமிழ்கின்றன. மூல அலையும் இந்தப் புதிய அலைகளும் ஒன்றுகூடி உண்டாகும் அலை, வெற்றிடத்தில் செல்வதைவிட மெதுவாக முன்னேறுகிறது. வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை ஒரு பொருளில் அதன் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அப்பொருளின் ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது ஏறத்தாழ 1.0003, தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5, வைரத்துக்கு 2.42. எலெக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக அசைகின்றனவோ, எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளனவோ, அவ்வளவுக்கு இந்த எண் உயரும். ஆகவே ஒளிவிலகல் எண் என்பது பொருளின் உள்ளமைப்பை வெளியிலிருந்தே தெரிவிக்கும் ஒரு செய்தி.

வேகம் மாறினால் திசை ஏன் மாற வேண்டும்? அலைமுகம் ஒரு பரப்பைச் சாய்வாகத் தொடும்போது, அதன் ஒரு முனை முதலில் புதிய ஊடகத்துக்குள் நுழைந்து வேகம் குறைகிறது. மறுமுனை இன்னும் பழைய ஊடகத்திலேயே விரைவாகச் செல்கிறது. இந்த ஏற்றத்தாழ்வினால் அலைமுகம் முழுவதும் திரும்ப, ஒளிக்கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கி வளைகிறது. படுகோணத்தின் சைன் மதிப்புக்கும் விலகுகோணத்தின் சைன் மதிப்புக்கும் உள்ள விகிதம் மாறாது என்னும் விதி, நெதர்லாந்து அறிஞர் ஸ்நெல் 1621இல் கண்டறிந்ததாலும் பிரான்சின் டெகார்ட் 1637இல் அச்சில் வெளியிட்டதாலும் அவ்விருவர் பெயராலும் வழங்குகிறது. ஆனால் பாக்தாதில் இப்னு சாகல் என்னும் கணித அறிஞர் 984ஆம் ஆண்டளவிலேயே, எரிக்கும் வில்லைகளைப் பற்றிய நூலில் இதற்கு ஈடான வடிவியல் விதியைப் பயன்படுத்தியிருந்தார். விதி தெரிந்த பின்னும் காரணம் நெடுங்காலம் சர்ச்சையாகவே இருந்தது. ஒளியைத் துகள்களாகக் கருதிய நியூட்டனின் கொள்கைப்படி தண்ணீரில் ஒளி விரைந்து செல்ல வேண்டும். அலைக் கொள்கைப்படி மெதுவாகச் செல்ல வேண்டும். 1850இல் பூக்கோ சுழலும் ஆடியைக் கொண்டு தண்ணீரில் ஒளி மெதுவாகவே செல்கிறது என நிறுவியபோதுதான் அந்த வழக்கு தீர்ந்தது.

விருதுநகர், சாத்தூர் வட்டாரத்தில் ஒளிவிலகலைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியே கோவில்பட்டிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகலில் தொலைவில் தேங்கி நிற்பதுபோல் தோன்றும் கானல் நீரே போதும். கரிசல் மண்ணும் தாரும் வெயிலை மிகுதியாக உறிஞ்சிக்கொள்வதால், தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிட மிகவும் சூடேறி அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறையக் குறைய அதன் ஒளிவிலகல் எண்ணும் 1ஐ நெருங்குகிறது. வானிலிருந்து மிகச் சாய்வாகக் கீழிறங்கும் ஒளிக்கதிர், படிப்படியாக எண் குறையும் அடுக்குகள் வழியே வருகையில் சிறிது சிறிதாக வளைந்து, தரையைத் தொடாமலேயே மேல்நோக்கித் திரும்பி வழிப்போக்கரின் கண்ணை அடைகிறது. கண்ணோ, ஒளி எப்போதும் நேர்கோட்டிலேயே வருவதாகக் கொள்வதால், வானத்தின் ஒரு துண்டைச் சாலைமீது கண்டு அதைத் தண்ணீர் என எண்ணுகிறது.

இங்கு நிகழும் எண் மாற்றம் எவ்வளவு நுண்ணியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. கண்ணின் உயரத்தில் காற்று 40 டிகிரி செல்சியஸ் என்றும் சாலையை ஒட்டி 65 டிகிரி என்றும் கொண்டால், இரண்டுக்கும் இடையே ஒளிவிலகல் எண்ணில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.00002 மட்டுமே. இவ்வளவு சிறிய வேறுபாட்டால் திரும்பக்கூடிய கதிர், தரையோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகைக் கோணத்துக்குள் வருவதாக இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்கு அந்தக் கோணம் சாலையில் சுமார் 240 மீட்டர் தொலைவில் அமைகிறது. கானல் நீர் நெருங்க நெருங்க விலகிக்கொண்டே போவதற்கும், பேருந்தில் உயரமாக அமர்ந்திருப்பவருக்கு அது இன்னும் தள்ளித் தோன்றுவதற்கும் இதுவே காரணம். கானலை வெறும் கண்மயக்கு என்று சொல்லிவிடுவது பொருந்தாது. அது புகைப்படத்தில் பதியக்கூடிய மெய்யான ஒளித்தோற்றம். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு 1798இல் சென்ற கணித அறிஞர் மோன்ழ், பாலைவனத்தில் வீரர்களை ஏமாற்றிய இதே தோற்றத்துக்கு முறையான விளக்கம் எழுதினார்.

சாலையிலிருந்து சிவகாசி அச்சகங்களுக்கு வந்தால், அங்கு ஒளிவிலகலின் மற்றொரு பண்பு முன்னிற்கிறது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியில் அவ்வூரில் வேரூன்றிய தொழிலுக்கு, வண்ண லேபிள்கள் தேவைப்பட்டன. அந்தத் தேவையிலிருந்தே லித்தோ அச்சும் பின்னர் ஆப்செட்டும் வளர்ந்து, நாடெங்கும் சுவர்களில் தொங்கும் காலண்டர்கள் வரை விரிந்தன. வண்ணப் படத்தை அச்சிட, மூலப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியாகப் படமெடுத்து, ஒவ்வொரு நெகட்டிவிலிருந்தும் ஒவ்வொரு மைக்கு உரிய பிளேட் செய்ய வேண்டும். ஸ்கேனரும் கணினிவழி பிளேட்டும் வருவதற்கு முன் இவ்வேலை பெரிய பிராசஸ் கேமராவில் நடைபெற்றது. இங்குதான் சிக்கல் எழுகிறது: ஒரு கண்ணாடியின் ஒளிவிலகல் எண் எல்லா நிறத்துக்கும் ஒன்றல்ல. வில்லைகளுக்குப் பரவலாகப் பயன்படும் கிரௌன் வகைக் கண்ணாடியொன்றில் நீல ஒளிக்கு அது 1.5224, சிவப்பு ஒளிக்கு 1.5143. ஒற்றை வில்லையைக் கொண்டு படமெடுத்தால் இரு நிறங்களுக்கும் குவியத் தூரம் சுமார் 1.6 விழுக்காடு வேறுபடும். 600 மில்லிமீட்டர் வில்லையில் அது 9 மில்லிமீட்டருக்கும் மேல். நிறப்பிறழ்ச்சி எனப்படும் இக்குறையோடு எடுத்த மூன்று நெகட்டிவுகளும் ஒரே கூர்மையிலும் இரா, ஒரே அளவிலும் இரா. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் ரிஜிஸ்டர் பொருந்தாமல், முருகன் படத்தின் வேலைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு தெரியும்.

வெவ்வேறு கண்ணாடிகளால் ஆன வில்லைகளை இணைத்து இக்குறையை நீக்கலாம் என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. எனினும் மூன்று நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்கும் அப்போகுரோமாட் வில்லையை 1886இல் நுண்ணோக்கிக்காக உருவாக்கியவர் ஜெர்மனியின் ஏனா நகரில் ட்சைஸ் நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஆபே. அதே நெறியில் அமைந்த வில்லைகளே பின்னாளில் பிராசஸ் கேமராக்களில் இடம்பெற்றன. இந்த ஆபேயின் பெயர் எண்ணெயைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

அச்சுத் தாளின் வெண்மையும் ஒளிவிலகலின் விளைவே என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம். தாளின் இழைகளான செல்லுலோஸ் உண்மையில் நிறமற்ற, ஒளிபுகும் பொருள். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.53. இழைகளுக்கு இடையில் காற்று இருப்பதால், ஒளி ஒவ்வோர் எல்லையிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு திருப்பி அனுப்பப்படுகிறது. எண்ணற்ற எல்லைகளில் இவ்வாறு சிதறித் திரும்பும் ஒளியே வெண்மையாகத் தெரிகிறது. விருதுநகரின் பெயர்பெற்ற பொரித்த புரோட்டாவைத் தாளில் கட்டினால், எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடிபோல் ஆகிவிடுவது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். காற்றிருந்த இடத்தை 1.46 எண்ணுடைய எண்ணெய் நிரப்பியதும், இழைக்கும் அதன் சூழலுக்கும் உள்ள வேறுபாடு மிகவும் சுருங்கி, ஓர் எல்லையில் திரும்பும் ஒளி 4 விழுக்காட்டிலிருந்து பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஐந்து பங்காகக் குறைகிறது. காலண்டர் அச்சிடும் ஆர்ட் பேப்பரின்மீது கனிமப் பூச்சு இடுவதும், வெள்ளை மைக்கு 2.5க்கும் மேற்பட்ட எண்ணுடைய டைட்டானியம் டையாக்சைடைத் தேர்வதும் இதற்கு நேர்மாறான நோக்கத்தால்: எண் வேறுபாடு பெருகப் பெருக மறைக்கும் ஆற்றல் பெருகும்.

பட்டாசின் வண்ணங்களை ஒளிவிலகலோடு குழப்பிக்கொள்ளலாகாது. மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம் சேர்மங்களிலிருந்தும், பச்சை பேரியம் சேர்மங்களிலிருந்தும், மஞ்சள் சோடியத்திலிருந்தும் உமிழப்படுவது. அங்கு ஒளி பிறக்கிறது, வளைவதில்லை. ஆனால் அந்தச் சுடரில் எந்த உலோகம் எரிகிறது என்று கண்டறிய ஒளிவிலகல் உதவிற்று. புன்சனும் கிர்க்காஃபும் 1859–60இல் சுடரின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே விலகச் செய்து, நிறங்களைப் பிரித்து, ஒவ்வோர் உலோகத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டென நிறுவினர். பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஒரு சுடரில் பேரியம் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பச்சைப் பட்டைகளைப் பிரித்துக் காட்டியது ஒரு முப்பட்டகமே.

வெடியின் ஓசையும் ஒளியை வளைக்கிறது. நாலு மீட்டர் தொலைவில் 145 டெசிபல் உச்ச அளவைப் பட்டாசு தாண்டலாகாது என்பது 1999இல் வகுக்கப்பட்ட விதி. அந்த உச்ச அளவில் காற்றழுத்தம் உயர்வது ஏறத்தாழ 350 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் முந்நூறில் ஒரு பங்கு. அதனால் காற்றின் ஒளிவிலகல் எண் மாறுவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெடிக்கு அருகில் அதிர்ச்சி அலை இதைவிடப் பன்மடங்கு வலியது. டோப்ளர் என்பார் 1864இல் வெளியிட்ட ஷ்லீரன் முறையில், குவிந்த ஒளியின் பாதையில் கத்தி முனையை வைத்து, சற்றே வளைந்த கதிர்களை மட்டும் தடுத்தோ விடுத்தோ, கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய அதிர்ச்சி அலையைக் கருங்கோடாகப் படம்பிடிக்கலாம்.

இனி எண்ணெய். எள்ளும் நிலக்கடலையும் வந்து சேர்ந்து எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் வெளியேறும் விருதுநகர்ச் சந்தையில், டின்னுக்குள் இருப்பது சொல்லப்பட்ட எண்ணெய்தானா என்னும் கேள்வி, வணிகரின் நாணயத்தோடும் வாங்குவோரின் உடல்நலத்தோடும் நேரடியாகத் தொடர்புடையது. மணத்தையும் நிறத்தையும் மட்டும் நம்பினால் ஏமாறக்கூடும். ஆனால் ஒவ்வோர் எண்ணெயும் ஒளியைத் தனக்கே உரிய அளவில் வளைக்கிறது. இந்திய உணவுத் தர விதிகளின்படி, 40 டிகிரி செல்சியஸில் சோடியத்தின் மஞ்சள் ஒளிக்கு நல்லெண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.4646 முதல் 1.4665 வரையும், கடலை எண்ணெயினது 1.4620 முதல் 1.4640 வரையும், தேங்காய் எண்ணெயினது 1.4481 முதல் 1.4491 வரையும் இருக்க வேண்டும். ஆய்வகங்களில் இதையே பி.ஆர். அளவு என்னும் வேறோர் அளவுகோலிலும் சொல்வர். அதில் நல்லெண்ணெய் 58 முதல் 61, கடலை எண்ணெய் 54 முதல் 57.1.

இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன? எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களின் கிளிசரால் சேர்மம். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி குட்டையான, இரட்டைப் பிணைப்பற்ற நிறைவுற்ற சங்கிலிகள். நல்லெண்ணெயிலோ நீண்ட, இரட்டைப் பிணைப்புகள் மிகுந்த சங்கிலிகள். இரட்டைப் பிணைப்பிலுள்ள எலெக்ட்ரான்கள் அவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்டு கிடப்பதில்லை. ஒளியின் அதிர்வுக்கு அவை எளிதாக இசைந்து அசைவதால், அத்தகைய பிணைப்புகள் மிகுந்த எண்ணெயில் ஒளி சற்று மெதுவாகச் செல்கிறது. கடலை எண்ணெயில் நொடிக்கு ஏறத்தாழ 2,04,900 கிலோமீட்டராக இருக்கும் வேகம், நல்லெண்ணெயில் சுமார் 2,04,500 ஆகிறது. நானூறு கிலோமீட்டர் என்பது மொத்தத்தில் ஐந்நூறில் ஒரு பங்கே ஆயினும், அதைத் துல்லியமாக அளக்க ஒரு மேசைக் கருவி போதும்.

அக்கருவிதான் ஆபே 1874இல் விளக்கி எழுதிய ஒளிவிலகல்மானி. எண்ணெயைவிட எண் கூடிய கண்ணாடிப் பட்டகத்தின்மீது ஒன்றிரண்டு துளி எண்ணெயைப் பரப்பி, மற்றொரு பட்டகத்தால் மூடினால், இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். எண் மிகுந்த ஊடகத்திலிருந்து எண் குறைந்த ஊடகத்துக்குச் செல்லும் ஒளி, ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் வெளியேறவே இயலாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும்; இதற்கு முழு அக எதிரொளிப்பு என்றும், அந்த எல்லைக் கோணத்துக்கு மாறுநிலைக் கோணம் என்றும் பெயர். ஆபேயின் கருவியில், தொலைநோக்கி வழியே பார்ப்பவருக்கு ஒளியும் இருளும் கூர்மையான கோட்டில் பிரிந்து தெரியும். அக்கோடு விழும் இடம் மாறுநிலைக் கோணத்தைக் காட்ட, அதிலிருந்து எண்ணெயின் எண் நேரடியாக அளவுகோலில் படிக்கப்படுகிறது. வேதிப்பொருள் எதுவும் வேண்டாம், சில துளிகள் போதும், சில நிமிடங்களில் விடை கிடைக்கும் என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் இதன் வரம்பையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கடலை எண்ணெயில் பாமாயில் கலந்தால் எண் இறங்கும். நல்லெண்ணெயில் கடலை எண்ணெய் கலந்தாலும் இறங்கும். ஆனால் பருத்திவிதை எண்ணெயின் அனுமதிக்கப்பட்ட எல்லை 1.4630 முதல் 1.4660 வரை விரிந்து, கடலை எண்ணெயின் எல்லையையும் நல்லெண்ணெயின் எல்லையையும் தொட்டுக் கிடக்கிறது. அதைக் கலந்தவரை இந்த எண் மட்டும் காட்டிக்கொடுக்காது. எண் குறைந்த ஓர் எண்ணெயையும் எண் கூடிய ஓர் எண்ணெயையும் உரிய விகிதத்தில் சேர்த்து, நடுவிலுள்ள எண்ணை வரவழைப்பதும் கூடாத செயலன்று. ஆகவேதான் ஆய்வகங்கள் இதனோடு நில்லாமல், இரட்டைப் பிணைப்புகளை அளக்கும் அயோடின் எண், கடலை எண்ணெய்க்குரிய கலங்கல் வெப்பநிலை, எள் எண்ணெய் இருப்பதைச் செந்நிறத்தால் அறிவிக்கும் பௌடுவான் சோதனை ஆகியவற்றையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்கின்றன. எல்லைக்கு வெளியே நிற்கும் எண்ணெயை ஒளிவிலகல் எண் ஐயமின்றி விலக்கிவிடும். எல்லைக்குள் நிற்கும் எண்ணெய்க்கு அது தனியாக நற்சான்று தராது.

வெப்பநிலை மற்றொரு முக்கியச் செய்தி. சூடேறினால் எண்ணெய் விரிந்து அடர்த்தி குறைவதால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.000385 குறைகிறது. காலையில் 28 டிகிரியிலும் பிற்பகலில் 38 டிகிரியிலும் ஒரே நல்லெண்ணெயை அளந்தால், இரு அளவுகளுக்கும் இடையே 0.004 அளவுக்கு வேறுபாடு காணும். நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டைவிட இது பெரிது. வெப்பநிலையைக் குறிக்காமல் சொல்லப்படும் ஒளிவிலகல் எண்ணுக்குப் பொருளே இல்லை. விதிகள் 40 டிகிரி என்று வரையறுப்பதும், கருவியின் பட்டகங்களைச் சுற்றி வெந்நீர் ஓடவிடுவதும் இதனால்தான்.

இம்மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளின், கல்லூரிகளின் இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோடியம் விளக்கும் நிறமாலைமானியும் உள்ள ஆய்வுக்கூடத்தில், திண்மக் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாக 60 பாகைக் கோணமுடைய உள்ளீடற்ற பட்டகத்தில் எண்ணெயை நிரப்பிச் சிறும திசைமாற்றக் கோணத்தை அளக்கச் செய்யலாம். ஒளிவிலகல் எண் 1.466 உடைய நல்லெண்ணெய்க்கு அக்கோணம் ஏறத்தாழ 34 பாகை 17 நிமிடம், 1.463 உடைய கடலை எண்ணெய்க்கு 34 பாகை 2 நிமிடம். தேங்காய் எண்ணெய்க்கு 33 பாகைக்கும் சற்றுக் குறைவு. நிறமாலைமானி ஒரு நிமிடக் கோணம் வரை படிக்கக்கூடியது என்பதால், பதினைந்து நிமிட வேறுபாடு மாணவரின் கைக்கு எட்டாத அளவன்று. எண்ணெயை 40 டிகிரிக்குச் சூடாக்கி நிரப்பி, பட்டகத்துக்குள் ஒரு வெப்பமானியையும் வைத்து, அளக்கும் வேளையில் அது காட்டும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு திருத்தம் செய்தால், மாணவர் தம் வீட்டு எண்ணெயையே விதிநூலின் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.